களிமண் தட்டு சுடக் கட்டுப்படியாகும் துப்பாக்கி: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் களிமண் தட்டு சுடும் டிராப் பிரிவில் களம் இறங்கியதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகள் பல மடங்காகிவிட்டன. தேவிபட்டினத்துக் கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், மண்டபத்து ஐஸ் பேக்டரி வாசலில் கேட்கிறார்கள், கீழக்கரையிலிருந்து போன் போட்டுக் கேட்கிறார்கள். நான் துப்பாக்கி விற்பவன் அல்ல. அப்பாவிடமிருந்து வந்த ஓர் இரட்டைக்குழல், பிறகு பழையதாக வாங்கிய இன்னொன்று என இரண்டை வைத்துக்கொண்டு 18 ஆண்டுகளாகத் தட்டு சுடுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

களிமண் தட்டு என்கிறீர்களே, உண்மையிலேயே களிமண்ணா?

பெயர்தான் களிமண். இப்போது வருவது தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து அச்சில் வார்த்த தட்டு. விட்டம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். கவிழ்த்து வைத்த சிறு சாஸர் மாதிரி இருக்கும். இயந்திரம் வீசும் வேகத்தைத் தாங்கும், ஆனால் இரண்டு மூன்று ஈயக்குண்டுகள் நன்றாகப் பட்டால் புகைபோலச் சிதறிவிடும்.

ஒலிம்பிக்கில் இரண்டு வகை உண்டு. டிராப்பில் தட்டு உங்கள் முன்னால் 15 மீட்டர் தள்ளியுள்ள பள்ளத்திலிருந்து கிளம்பி உங்களைவிட்டு விலகி ஓடும். இடமா வலமா என்று முன்கூட்டித் தெரியாது. தகுதிச்சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா சுடலாம். ஸ்கீட்டில் உயரமான வீடு ஒன்று, தாழ்ந்த வீடு ஒன்று. இரண்டிலிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும். எட்டு இடங்களில் மாறி மாறி நின்று, தட்டுக்கு ஒரே தோட்டா. இரண்டிலும் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள்.

இதற்கு ரைஃபிள் வாங்க வேண்டுமா, வேறு துப்பாக்கியா?

ரைஃபிள் அல்ல. உள்ளே வரிப்பள்ளம் இல்லாத, வழுவழுப்பான குழல் உள்ள ஷாட்கன். நம் ஊர்க்காரர்கள் ‘பால்ரஸ் குண்டு’ என்று சொல்வார்களே, அதைவிடப் பொடியான ஈயக்குண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒரே தோட்டாவிலிருந்து கூட்டமாகப் போகும்.

அளவு 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரியதோ அதுதான் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் 20 போர் என்பது 12 போரைவிடச் சிறியது. சர்வதேச விதிப்படி 12 போரோ அதற்குச் சிறியதோ பயன்படுத்தலாம், பெரியது கூடாது. தோட்டா எளிதில் கிடைப்பதால் புதியவர்களுக்கு 12 போரே போதும்.

மலிவாக ஒன்று வேண்டும். பட்ஜெட் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

எல்லோரும் துப்பாக்கியின் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் தோட்டாக் கணக்கைச் சொல்கிறேன். வாரம் 50 தட்டு சுட்டால் ஆண்டுக்கு 2,600 தட்டு. ஸ்கீட் என்றால் 2,600 தோட்டா. டிராப்பில் இரண்டாம் தோட்டாவையும் கணக்கில் எடுத்தால் 5,000 வரை போகும். தட்டுக் கட்டணம், கிளப் சந்தா, போகவர டீசல் எல்லாம் தனி. இந்தத் தொகையைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, துப்பாக்கிக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

கையில் இருப்பதையெல்லாம் துப்பாக்கியில் போட்டுவிட்டுத் தோட்டாவுக்குக் காசில்லாமல் அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எனக்கு மூன்று பேர் தெரியும். சாதாரண இரட்டைக்குழலை வைத்துக்கொண்டு வாராவாரம் சுடுகிறவர்தான் முன்னேறுகிறார். கட்டுப்படியாகும் துப்பாக்கி என்றால் வாங்கிய பிறகும் உங்களைச் சுடவிடுகிற துப்பாக்கி என்றே நான் பொருள்கொள்கிறேன்.

முதலில் துப்பாக்கியைப் பார்த்து வைக்கட்டுமா, லைசென்ஸுக்கு எழுதிப் போடட்டுமா?

இரண்டுக்கும் முன்னால் கிளப்பில் சேருங்கள். மாநிலச் சங்கத்தோடு இணைந்த கிளப்பில் உறுப்பினராகி, கிளப் துப்பாக்கியில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க ஒரு பருவமாவது சுடுங்கள். இது உங்களுக்குப் பிடித்த விளையாட்டா, டிராப்பா ஸ்கீட்டா, உங்கள் தோளுக்கு எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ரைஃபிள் கிளப் என்று பலகை இருந்தாலே தட்டு எறியும் மைதானம் இருக்கும் என்று நம்பிப் போய்விடாதீர்கள். பல கிளப்புகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கூடம் மட்டுமே இருக்கும். ஷாட்கன் மைதானம் உண்டா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நான் தொண்டி, மீமிசல் வழியாகப் புதுக்கோட்டைப் பக்கம் போய்த்தான் பழகினேன்.

உரிமம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படியும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படியும் வழங்கப்படுகிறது. நம் மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான எஸ்-1 படிவச் சான்றிதழும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். உரிமம் கைக்கு வருமுன் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அதில் பழகலாமா?

வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் அது. ஒரு தட்டு சுட்டுவிட்டு அடுத்ததற்கு மருந்து போட்டுக் கெட்டிப்பதற்குள் மற்றவர்கள் சுற்றையே முடித்துவிடுவார்கள். இந்த விளையாட்டுக்கு அது உதவாது. அதற்கு உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கு என்று தள்ளாமல் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைக்கிற வேலையைப் பாருங்கள்.

அப்பாவின் இரட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கி இருக்கிறது. அதையே என் பெயருக்கு மாற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா?

வாரிசுக்கு உரிமம் வழங்க விதிகளில் வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்வதானாலும், காலமான பிறகானாலும், உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டால் கோப்பு வேகமாக நகரும். குறைந்த செலவில் தட்டு சுட ஆரம்பிக்க இதைவிட நல்ல வழி இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஆனால் ஒரு தோட்டா போடுமுன் குழலின் அடியில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர்தான். இப்போது கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். இதில் ஒரு பொறி இருக்கிறது: தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போட்டிருப்பது சுட்ட பிறகு விரிந்த நீளம். சுடுமுன் அதன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள் தடையில்லாமல் போய் உட்கார்ந்துவிடும், கதவும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கும் பகுதியில் முட்டும், அழுத்தம் எகிறும். ‘உள்ளே போகிறதே’ என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல.

குழலின் மேல் மரவரி போலச் சுருள் சுருளான கோலம் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்துக் காலத்துச் சரக்கு. அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம், இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அறையை அளந்து எழுதி வாங்குங்கள்.

குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நல்லதா, ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பது நல்லதா?

போட்டியில் நிற்பவர்களில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் மேல்கீழ்க் குழல்தான் இருக்கும். குறி பார்க்கும்போது ஒரே குழலின் ஒடுங்கிய முதுகு மட்டும் கண்ணுக்குத் தெரியும். முதலில் சுடுவது கீழ்க்குழல் என்பதால் உதைப்பு நேராகத் தோளுக்கு வரும். துப்பாக்கி துள்ளி எழாது. இரண்டாம் தோட்டாவுக்குக் கண் தட்டைவிட்டு விலகாது.

பக்கவாட்டுக் குழல் காட்டுவேலைக்காகச் செய்யப்பட்டது. எடை குறைவு, தோளில் வைக்கும் மரக்கட்டை தாழ்வு, முன்னால் அகலமான இரட்டை முதுகு. அதில் தட்டு விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் முதல் நான்கு ஆண்டுகள் அதில்தான். 25-க்கு 18, 19 என்று வர ஆரம்பித்த பிறகே துப்பாக்கி என்னைப் பின்னுக்கு இழுப்பதை உணர்ந்தேன். அதுவரை தவறியதெல்லாம் என் கால் நிலையாலும் அவசரத்தாலும்தான்.

திருச்சியில் செய்யும் பம்ப் ஆக்‌ஷன் விலை குறைவு என்கிறார்களே?

துப்பாக்கி உறுதியானதுதான். ஆனால் சர்வதேச விதிகள் டிராப், ஸ்கீட் இரண்டிலும் பம்ப் ஆக்‌ஷனை அனுமதிப்பதில்லை. போட்டி ஆசை கொஞ்சமாவது இருந்தால் வேண்டாம். தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக்கை விளையாட்டு விதி ஏற்கிறது. ஆனால் நம் நாட்டில் அதற்கு உரிமம் வாங்குவது வேறு கதை. முதல் துப்பாக்கியாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவாக முடியுமா, அண்ணே?

வளைகுடாவில் உறவினர் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் கேள்வி. பயணப் பெட்டியில் கொண்டுவரும் பொருள் அல்ல இது. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. தகுதி மதிப்பெண் எட்டிய போட்டியாளர்களுக்கு, இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தின் சான்றோடு, அனுமதி கிடைக்கிறது. அந்த இடத்துக்கு நீங்கள் வந்து சேரும்போது பெரெட்டாவா, பிரௌனிங்கா, துருக்கியில் செய்யும் விலை குறைந்த மேல்கீழ்க் குழலா என்று யோசிக்கலாம்.

அதற்குள் நடக்கக்கூடியது, ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய துப்பாக்கியை உரிமதாரரிடமிருந்தோ உரிமம் பெற்ற வியாபாரியிடமிருந்தோ வாங்குவது. தனியாரிடம் வாங்கினால், விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். ‘இப்போது எடுத்துக்கொண்டு போங்கள், காகிதம் பிறகு பார்க்கலாம்’ என்பவரிடம் ஒரு காப்பியோடு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பழைய துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் திறந்து, காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். பிறகு அதன் எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அறை நீளம் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்து, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். குழலுக்கும் உடலுக்கும் நடுவே கடகட என்று அசைவு கேட்டால் பூட்டு தேய்ந்திருக்கிறது. மேலே உள்ள திறப்பு நெம்புகோல் மூடியபின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது. இடப்பக்கம் தாண்டிவிட்டால் நிறைய உழைத்துவிட்டது. குழல்களை மட்டும் தனியே எடுத்து, கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, பென்சிலால் தட்டுங்கள். நல்ல குழல் வெண்கலச் செம்பைத் தட்டியதுபோல் இழுத்து ஒலிக்கும். ஓட்டைப் பானைச் சத்தம் வந்தால் குழல்களை இணைக்கும் பட்டையில் பற்று விட்டிருக்கிறது. பட்டைக்குள் ஈரம் புகுந்தால் வெளியே வராது. நம் கடற்கரையில் அது உள்ளிருந்தே தின்னும்.

கடைசியாகக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வளையம் வளையமாக ஒளி ஒரே சீராக ஓட வேண்டும். ஒரு வளையம் நெளிந்தால் வெளியே அடிபட்ட பள்ளம். இருண்ட வளையம் நின்றால் உள்ளே புடைத்திருக்கலாம், அதை வாங்காதீர்கள். சிறு பள்ளத்தைச் சரிசெய்யலாம், வீக்கத்தை நம்பக் கூடாது. மரக்கட்டையில் கீறல் இருந்தால் பரவாயில்லை. கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் விரிசல் இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

சோக் என்கிறார்கள். அது எதற்கு? எதை வாங்குவது?

தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரம் போகிறதல்லவா, அதுபோல. குழலின் வாய் எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு நேரம் குண்டுக்கூட்டம் சிதறாமல் சேர்ந்து போகும். ஸ்கீட்டில் தட்டு 20 மீட்டர் தூரத்துக்குள் கிடைப்பதால் ஒடுக்கம் அநேகமாக வேண்டாம். டிராப்பில் தட்டு 30 மீட்டரைத் தாண்டிவிடுவதால் முக்கால் சோக்கும் முழு சோக்கும் வழக்கம்.

பழைய பக்கவாட்டுத் துப்பாக்கிகளில் வலக்குழல் தளர்வாகவும் இடக்குழல் முழு ஒடுக்கமாகவும் இருப்பது வழக்கம். டிராப் பழக அது போதும். மாற்றிக்கொள்ளும் திருகு சோக் உள்ள துப்பாக்கி கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் இரண்டு விளையாட்டுக்கும் ஒன்றே போதும்.

குழல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? நீளமாக இருந்தால் வேகம் அதிகமா?

வேகத்தில் உணரும்படியான வித்தியாசம் இல்லை. நீளக் குழல் நிதானமாகச் சுழலும், குட்டைக் குழல் சட்டென்று திரும்பும். ஸ்கீட்டுக்கு 28 அல்லது 30 அங்குலம், டிராப்புக்கு 30 அல்லது 32 அங்குலம். எடை மூன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கட்டும். குழலை அறுத்துக் குட்டையாக்கலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைக் காட்டினேன். உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது குற்றம்.

கடையில் தூக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எனக்குப் பொருந்துகிறதா என்று எப்படி அறிவது?

ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. உங்கள் கண்ணே பின்குறி. கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ அங்கேதான் குண்டு போகும். அதனால் பொருத்தம்தான் பாதித் துப்பாக்கி. காலி என்று உறுதிசெய்த துப்பாக்கியைக் கையில் எடுத்து, கடைக்காரர் அனுமதியோடு, சுவரின் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்களை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கழுத்தை வளைக்காமல் கன்னம் தானாகப் படியட்டும். இப்போது கண்ணைத் திறங்கள். குழல் முனையில் குறிக்காக வைத்த சிறு மணி நேராகத் தெரிந்தால் பொருத்தம். குழலின் பின்முனை மறைத்தால் கட்டை தாழ்வு. முதுகு முழுக்க விரிந்து தெரிந்தால் கட்டை உயரம். டிராப்புக்குச் சற்று உயரமாக இருப்பது நல்லதே, தட்டு மேலேறிக்கொண்டே போகும் என்பதால்.

கண்ணையும் சோதியுங்கள். இரண்டு கண்ணும் திறந்து தூரத்து விளக்குக் கம்பத்தை விரலால் சுட்டுங்கள். பிறகு இடக்கண்ணை மூடுங்கள். விரல் கம்பத்திலேயே நின்றால் வலக்கண் ஆதிக்கம். விலகினால் இடக்கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்தால், இடத்தோளில் பழகுவதா, கண்ணாடியில் சிறு ஒட்டு வைப்பதா என்பதைப் பயிற்சியாளரோடு பேசி முடிவுசெய்த பிறகே வாங்க வேண்டும். வலக்கைக்கென வளைத்த கட்டையை வாங்கிவிட்டுப் பிறகு தோள் மாற்றினால் வீண்.

என் மகளுக்கு 15 வயது. அவளுக்கென்று சின்னத் துப்பாக்கி வாங்கலாமா?

பொதுவாக 21 வயது நிறைந்தவருக்கே உரிமம். அதுவரை கிளப்பின் துப்பாக்கியில், பயிற்சியாளர் மேற்பார்வையில் பழகட்டும். தாராளமாக அனுப்புங்கள். 2018 காமன்வெல்த் போட்டியில், இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் கிளம்பும் டபுள் டிராப்பில் தங்கம் வென்றவர் ஷ்ரேயசி சிங் என்ற பெண்தான்.

எடை குறைந்த துப்பாக்கி பெண் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இலகுவான துப்பாக்கி அதிகம் உதைக்கும். கட்டையின் நீளத்தைக் குறைத்த, எடையுள்ள துப்பாக்கியும் 24 கிராம் தோட்டாவும்தான் அவள் தோளைக் காப்பாற்றும். காதடைப்பும் கண்ணாடியும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

எந்தத் தோட்டா? அதிகக் குண்டு உள்ளதை வாங்கினால் அதிகம் விழுமா?

போட்டி விதி 24 கிராம் ஈயத்துக்கு மேல் அனுமதிக்காது. பழகும்போதும் அதையே பயன்படுத்துங்கள். டிராப்புக்கு ஏழரை எண் குண்டு, ஸ்கீட்டுக்கு ஒன்பதாம் எண்; எண் கூடினால் குண்டு பொடியாகும். ஏழரையில் சுமார் 300 குண்டு, ஒன்பதில் ஏறக்குறைய 500. வாங்கும் அளவு உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும். போட்டிப் பயிற்சிக்கு அது போதாது என்றால் கிளப் மூலம் கேளுங்கள்.

12 போர் துப்பாக்கி இருக்கும் வீட்டில் 20 போர் தோட்டா இருக்கவே கூடாது. அது 12 குழலுக்குள் வழுக்கி முன்னே போய் நின்றுகொள்ளும். காலி என்று நினைத்து மேலே ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதனால்தான்.

கடல் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறதே. துப்பாக்கி தாங்குமா?

தாங்கும், நீங்கள் விட்டுவிடாமல் இருந்தால். என் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு ஐப்பசியில், ஒரு மாதம் வெளியூர் போகும்போது அப்பாவின் துப்பாக்கியை அழகான தோல் உறைக்குள் போட்டு, அலமாரியில் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து உறையை இழுத்தேன். பட்டை ஓரம் முழுக்க மிளகைத் தூவியதுபோல் செம்புள்ளிகள். தேய்த்துத் துடைத்த பிறகும் கட்டைவிரல் அகலத்துக்கு ஓரிடத்தில் குழிகள் நின்றுவிட்டன. விசைக்கு மேலே என் கைரேகையே துருவாகப் பதிந்திருந்தது. தோலும் பஞ்சும் வாடைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிவைத்திருக்கும் என்பதை அன்றுதான் கற்றேன். உறை பயணத்துக்கு மட்டும்தான். வீட்டில் துப்பாக்கி உறைக்கு வெளியே, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்.

சுட்ட அன்றே குழலைத் துடைத்து, ரங்கூன் எண்ணெய் என்று கேட்டால் கிடைக்கும் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; நாளடைவில் பிசினாகி விசைக்குள் இறுகிவிடும். மழைக்காலத்தில் சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைக்க வேண்டும். கடைசியாகத் தொடுவது எண்ணெய்த் துணியாக இருக்கட்டும், வெறும் விரல் வேண்டாம். அலமாரி கடலைப் பார்த்த சுவரில் இருக்கக் கூடாது. உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் வைத்து, மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்துங்கள். குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கெடுக்காது. தோட்டாக்கள் வேறொரு பூட்டில், காற்றுப் புகாத டப்பாவில்.

இதனால்தான் பழைய துப்பாக்கி வாங்கும்போது, கரையோரத்தில் கிடந்ததா, உள்நாட்டில் இருந்ததா என்று நான் முதலில் கேட்பேன்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அங்கே துருப்பிடிக்காதா?

பிடிக்கும். அதனால் ஒப்படைக்குமுன் குழலின் உள்ளும் புறமும் வழக்கத்தைவிடத் தடிமனாக எண்ணெய் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். உறையோடு கொடுக்காதீர்கள், காரணம் மேலே இருக்கிறது. எண், நிலை, தேதி எழுதிய ரசீது வாங்குங்கள். தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினராகப் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் விலக்குக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

எங்கள் தென்னந்தோப்பு பத்து ஏக்கர். அங்கேயே தட்டு வீசிச் சுட்டால் அலைச்சல் மிச்சம் அல்லவா?

வேண்டாம். ஏழரை எண் குண்டு சுமார் 200 மீட்டர் வரை போய் விழும். பத்து ஏக்கர் சதுரத் தோப்பின் ஒரு பக்கம் அளந்தாலே ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்; சற்று உள்ளே தள்ளி நின்று சுட்டாலும் குண்டு வேலியைத் தாண்டிவிடும். அப்பால் பனையேறி இருக்கலாம், கரைவலை இழுப்பவர்கள் இருக்கலாம். அனுமதியற்ற இடத்தில் சுட்டால் உரிமமும் போகும்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று பறவைகள் வந்து தங்கும் கண்மாய்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. சேற்றில் விழுந்த ஈயக்குண்டைச் சிறுகல் என்று நினைத்து வாத்தும் நாரையும் விழுங்கும். ஒன்றிரண்டு குண்டே மெல்லக் கொன்றுவிடும். மைதானத்தில் விழுந்த ஈயத்தைத் திரட்டி எடுக்கலாம். கண்மாயிலிருந்து யார் எடுப்பது?

வயலில் மயில் தொல்லை. துப்பாக்கி வாங்கினால் அதையும் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனுக் கொடுங்கள். இந்த எண்ணத்தோடு உரிமம் கேட்பவருக்கு நான் துப்பாக்கி பற்றி எதுவும் சொல்வதில்லை.

பறக்கும் தட்டைக் குறிபார்த்துத்தானே சுடுகிறேன், ஏன் விழவில்லை? துப்பாக்கிக் கோளாறா?

வீச்சுவலை வீசுபவரைக் கேளுங்கள். மடவைக் கூட்டம் இருக்கும் இடத்திலா வலையை வீசுகிறார்? அது போய்ச் சேரும் இடத்தில் வீசுகிறார். ஸ்கீட்டில் நடு இடத்திலிருந்து குறுக்கே போகும் தட்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் முன்னே சுட வேண்டும், சுட்ட பிறகும் குழலை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். தட்டைக் கண்டதும் குழலை நிறுத்திக் குறிபார்ப்பவர் எப்போதும் அதன் பின்னால்தான் சுடுகிறார்.

காற்றும் உண்டு. எதிர்க்காற்றில் தட்டு மேலே தூக்கும், பின்காற்றில் அழுந்தும். கச்சான் என்கிற மேல்திசைக் காற்று அடிக்கும் மாதங்களில் பழகிய கை வாடை திரும்பியதும் தடுமாறும். துப்பாக்கியைக் குறைசொல்லுமுன் ஒரு பெரிய காகிதத்தை மாட்டி, 30 மீட்டரிலிருந்து ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து தோட்டா சுடுங்கள். குண்டுக்கூட்டம் ஐந்து முறையும் ஒரே பக்கம் விலகினால் கட்டையைத் திருத்த வேண்டும். புள்ளியைச் சுற்றி விழுந்தால் துப்பாக்கி நேராகத்தான் இருக்கிறது.

இரண்டு துப்பாக்கி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று செதுக்கு வேலைப்பாடு உள்ள வெளிநாட்டுப் பக்கவாட்டுக் குழல். மற்றது கீறல் விழுந்த, சாதாரண மேல்கீழ்க் குழல். விலை ஒன்றுதான். எதை எடுக்க?

வேலைப்பாடு உள்ளதன் அறை 65 மில்லிமீட்டர் என்று நீங்களே சொன்னீர்கள். அதற்கேற்ற தோட்டாவைத் தேடியே உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். மற்றதைத் திரும்பப் போய்ப் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றி ஆட்டுங்கள், குழலைத் தட்டிக் கேளுங்கள், கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறங்கள். மூன்றிலும் தேறினால் கீறலைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். குறைகிற காசுக்கு 24 கிராம் தோட்டாப் பெட்டிகள் வாங்கிக்கொள்ளலாம். கட்டையைத் தேய்த்து எண்ணெய் ஏற்றுவது ஒரு வாரத்து வேலை. என் வீட்டுக்குக் கொண்டுவந்தால் சேர்ந்தே செய்துவிடலாம்; உரிமத்தின் அசலைக் கையோடு எடுத்து வாருங்கள்.